இரண்டாம் வாய்

கொச்சியிலிருந்து பார்சல் வந்த ராத்திரி
குளச்சலில் கரண்ட் இல்லை.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
பெட்டியைக் கிழித்தாய், மெட்டில்டா.
சாளைப்புளிமுளம் இருந்த சட்டியைத் தள்ளிவிட்டு
மேசையில் மூன்று ரெகுலேட்டர்களைக் கிடத்தினோம்.
பத்து நாளைக்குள் இரண்டைத் திருப்பி அனுப்பவேண்டும்.

முதலாவது பளபளப்பு.
இழுக்கவே வேண்டாம், காற்று தானா வரும்
என்றிருந்தான் விற்கிறவன்.
"தானா வருமானா நான் எதுக்காக்கும்?"
போனில் நீ கேட்டதற்கு அவன் சிரித்திருக்கலாம்,
சிரிக்கவில்லை.
குளிமுறி டிரம்மில் அமுக்கியதும்
அது கொப்பளிக்கத் தொடங்கி நிற்கவே இல்லை,
கேட்க ஆளில்லாவிட்டாலும் பேசுகிற
என் மச்சினன் மாதிரி.
இருபத்தைந்து பாகம் கீழே இப்படிப் பேசினால்
சிலிண்டர் மூன்று நிமிடம் தாங்காது.

இரண்டாவது பிஸ்டன் வகை.
அசைகிற உறுப்பு ஒன்றே ஒன்று,
கெடுவதற்கும் அதிகம் இல்லை.
ஆனால் அதன் ஸ்பிரிங் வரைக்கும்
கடல் நேராக நடந்து வரும்.
நம் கடலை அவனுக்குத் தெரியாது.
ஆனி பிறந்தால் கரையைக் கடித்துத் தின்னும் கடல்.
மணவாளக்குறிச்சிக் கருமணல்
காதில் இருக்கிறது, தலையணையில் இருக்கிறது,
இதோ இந்தச் சோற்றில்.
ஸ்பிரிங்குக்குள் மட்டும் போகாமல் இருக்குமா?

மூன்றாவது குட்டை, கனம், அழகில்லை.
முகத்தை மூடிய டயாப்ரம்.
சிலிண்டர் கழுத்தைக் கவ்வாமல்
உள்ளே திருகி இறங்குகிறது.
பாறையில் இடித்தாலும் பிடி விடாது.
திறக்க இரண்டு ஸ்பேனர்.
சர்வீஸ் கிட் கொச்சியில் எப்போதும் உண்டு,
மற்ற இரண்டுக்கும் கப்பல் வரவேண்டும்.
மூச்சிழுக்க மட்டும்
கொஞ்சம் கூலி கேட்கிறது.

சிப்பிக்கு முங்கிவிட்டு
தலை காயாமல் வந்த உன் தம்பி ரெக்சன்
விலையைக் கேட்டு அரைக்கட்டில் கைவைத்தான்.
"மூச்சுக்கா இவ்வளவு?"
அவன் தன் மூச்சைக் கரையிலிருந்தே கொண்டுபோகிறவன்.
கடன் இல்லை, கிட் இல்லை.
அவன் பாறை நான்கு பாகம்.

நான் ஒன்று சொல்லாமல் வைத்திருந்தேன்.

மாசியில், அந்த முங்கிய போட்டின் வயிற்றில்,
என் வாயில் காற்றோடு உப்பும் வந்தபோது
கையால் கழுத்தை அறுத்துக் காட்டினேன்.
நீ யோசிக்கவில்லை.
உன் வாயிலிருந்ததைப் பிடுங்கி என் வாயில் வைத்தாய்,
நீளமான ஹோஸ், நல்ல காற்று, உன் எச்சில் சூடு.
தாடைக்குக் கீழே சைக்கிள் டியூபில் தொங்கிய
மலிவானதை நீ எடுத்துக்கொண்டாய்.
இருபத்தொரு மீட்டரில் அடுத்த சிலிண்டருக்கு மாறும்வரை
பதினொரு நிமிடம்.
வள்ளத்தில் ஏறி வாந்தி எடுத்தாய்.
அலையாக்கும் என்றாய்.
அன்று கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது.

ஒரு வாரம் கழித்து, நீ கோயிலுக்குப் போயிருந்த நேரம்,
அந்த உதிரியை டிரம்மில் வைத்து
நான் இழுத்துப் பார்த்தேன்.
நனைந்த சாக்கு வழியாக இழுப்பதுபோல்.
தரையிலேயே அப்படி.

அதனால், மெட்டில்டா,
வாயில் எதை வைப்பதென்று
இந்த மேசையில் நாம் பேசிக்கொண்டிருந்தது பாதிதான்.
வாயிலிருப்பது எப்படியும் மற்றவனுக்குப் போகும்.
கொடுத்தபின் மிஞ்சுவது எது
என்று கேட்டுத்தான் வாங்கவேண்டும்.

மூன்றாவதில் இரண்டு செட், என்றேன்.
ஒரே மாதிரி. உதிரிக்கும் அதே.

"பைக்?"

பஸ்ஸில் போகலாம்.

நீ ஒன்றும் சொல்லாமல்
டியூபை வெட்டி முடிச்சுப்போட்டு
அந்தக் குட்டையனைக் கழுத்தில் மாட்டினாய்.
கண்ணை மூடி இழுத்தாய்.
கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது.
ரெக்சன் சட்டியை வழித்துக்கொண்டிருந்தான்.
நீ இன்னும் இழுத்துக்கொண்டிருந்தாய்,
விரலால் எண்ணிக்கொண்டு,
பதினொன்று வரைக்கும்.