தொற்றா நோய்ப் பிரிவு, இரண்டாம் மேசை

அட்டையில் அவர் பெயர் அர்கா பாதர்.
மூன்று முறை கூப்பிட்டேன், எழவில்லை.
பெஞ்சில் இருந்தவர்தான் தொடையைத் தட்டி
'கூர்க்கா, உன்னத்தான்' என்றார்.
ஹர்க்க பகதூர் என்று திருத்த
கணினியில் வழியில்லை.
ஆதாரிலேயே அப்படித்தான் இருக்கிறது.

அழகாபுரத்தில் முப்பத்தொரு வருடம்.
சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு.
வெறும் வயிறா என்றால் ஆமாம் என்பார்.
மாத்திரை போட்டீங்களா, ஆமாம்.
விட்டுட்டீங்களா, ஆமாம்.

அச்சடித்த தாளை எடுத்து
வழக்கம்போல் வாசித்தேன்.
தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும்.
பதினொன்றிலிருந்து விடிகாலை நாலரை வரை
ஏழு தெருவை இரண்டு சுற்று சுற்றுகிறவர்
தலையாட்டினார்.
இரவில் நன்றாகத் தூங்க வேண்டும்.
அதற்கும் ஆட்டினார்.
பின்னால் யாரோ சிரித்தார்கள்.
எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

அரிசியைக் குறைத்து
கேழ்வரகு சேர்த்துக்கொள்ளுங்கள் என்றபோதுதான்
வாயைத் திறந்தார்.
'எங்க ஊர்ல அதுதான் சிஸ்டர் இருந்துச்சு.
சோறு திங்கத்தானே
இவ்ளோ தூரம் வந்தது.'

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
அறிவுரை வழங்கப்பட்டது.
டிக் அடித்தேன்.
வாங்கப்பட்டதா என்று கட்டம் இல்லை.
தொற்றா நோய் என்று
பிரிவுக்குப் பெயர் வைத்தவர்
நோயை மட்டும்தான் நினைத்திருப்பார்.
எங்கள் பேச்சும் தொற்றுவதில்லை.

தையில் வரவில்லை. மாசியிலும் இல்லை.
போன் அணைந்து கிடந்தது.
விடுபட்டவர் என்று சிவப்பில் எழுதிவிட்டு
ஒரு சாயங்காலம்
வீட்டுக்குப் போகிற வழியில் தேடிப் போனேன்.

மூடிப்போன ஏடிஎம்மின் பின்னறை.
அப்போதுதான் எழுந்திருந்தார்.
சுவரில் ஒரு ஆணி,
ஆணியில் எங்கள் தாள்கள், ஐந்தோ ஆறோ.
காய்கறிப் படம் போட்ட பக்கம் சுவரைப் பார்க்க,
முதுகுப் பக்கம் முழுக்கப் பென்சில்.
கோடு இழுத்துத் தொங்கவிட்ட எழுத்து,
எனக்குத் தெரியாது.
வசூல் கணக்கா என்றேன்.
இல்லை என்றார். அவர் வாயில்
நான் கேட்ட முதல் இல்லை.

விரல் வைத்துப் படித்தார்.
பதினாலாம் நம்பர், ரெண்டு மணிக்கு மேல இருமல்.
மாடி வீட்டு அம்மா,
பாத்ரூம் லைட் நாலு தடவை, போன மாசம் ரெண்டு.
பேங்க் சார், வெள்ளிக்கிழமைன்னா வாந்தி.
டாக்டர் வீடு, தூக்கமே இல்ல, விடிய விடிய டிவி.

இதையெல்லாம் எதுக்கு எழுதறீங்க?
'விசில் எந்த வீட்டுல மெதுவா ஊதணும்னு
தெரியணும்ல.'

டீயைப் பற்றியும் கேட்டேன்.
வீட்டுக்காரர்கள் கொடுப்பதாம்.
'சர்க்கரை வேணாம்னா ஏன்னு கேப்பாங்க.
சீக்காளி கையில
யாரு சிஸ்டர் தெருவைக் கொடுப்பா?'

என் பையில் புதுத் தாள் இருந்தது,
வழுவழுப்பான காகிதம், நான்கு வண்ணம்.
எடுக்கவில்லை.

வாசலுக்கு வந்து லத்தியை ஊன்றி
வடக்கே பார்த்தார். சேர்வராயன் மலை
இருட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.
'இப்பல்லாம்
ஏற்காட்டு ரோட்டுல லைட்டைக் குறைச்சுட்டாங்களா?'

நானும் பார்த்தேன்.
கொண்டை ஊசி வளைவுகள் அத்தனையிலும்
எரிந்துகொண்டிருந்தது.

ஆமாம் என்று வந்துவிட்டது வாயில்.
உடனே இல்லை என்றேன்.
எல்லாம் எரியுது, உங்களுக்குத்தான் தெரியல.
கண் டாக்டர் வியாழக்கிழமை வருவார்,
காலையில தூங்குற நேரம்தான்,
பத்து மணிக்குப் பதில்
எட்டுக்கே பார்க்கச் சொல்றேன்.

ஒன்றும் சொல்லவில்லை.
ஆணியிலிருந்து ஒரு தாளை உருவி
திருப்பிப் பிடித்துக்கொண்டு
சட்டைப்பையில், பாய்க்கடியில்
பென்சிலைத் தேட ஆரம்பித்தார்.

கிடைக்கிறவரை நின்றேன்.