ஆறாம் பாகம்

ஸ்கார்பரோவிலிருந்து வந்த பெட்டிக்குள்
சொக்லேட்டுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவே
ஒன்பது புத்தகம் எண்டு மச்சாள் சொன்னவள்.
எண்ணினால் எட்டு.
கார்கோக்காரன் ஆறாவதைத் தின்றிருக்க வேணும்.

நல்லூரில் ரியூசன் முடிந்து
மூன்று சைக்கிளில் நாலு பேராய் வாசித்தோம்.
இங்கிலீசு அரைகுறை. படம் முழுசாய் விளங்கியது.
கதை இவ்வளவுதான்:
பள்ளிக்கூடக் குசினியில் ஹினோரி சமைப்பாள்,
அவளின் ஒரு கண்ணுக்குள் மட்டும் ஏழு நட்சத்திரம்.
ஒருத்தன் சாப்பிடுவான்.
நல்லாயிருக்கு எண்டு ஒரு சொல் வராது.
ஐந்தாம் பாகத்தின் கடைசிக் கட்டத்தில்
கரண்டியை வைத்துவிட்டு எழும்புவான்.
ஏழாம் பாகத்தில் அவளுக்குத் தனிக் கடை.
இடையில் என்ன நடந்தது?

"உப்பு," என்றாள் பெனடிக்டா.
குருநகர்க்காரி. மீன் விசயத்தில் விட்டுக்குடுக்க மாட்டாள்.
"விளைமீன் கீறினவைக்குச் செவுள் எங்க எண்டே தெரியேல்லை.
பெடியனை மட்டும் எப்பிடிச் சரியாக் கீறுவினம்?"

யதுஷிகாவுக்கு அவன்தான் எல்லாம்.
அவன் தலைமயிர் நெற்றியில் விழும் பக்கமெல்லாம்
பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி.
"சொல்லாட்டி என்ன, கோப்பையை வழிச்சுத் துடைக்கிறானே."

"எங்கட அப்பாவும் வழிச்சுத் துடைப்பார்,"
என்றாள் லோஜிதா.
"பேந்து கோப்பையை அங்கேயே விட்டிட்டு எழும்புவார்.
எனக்கு ஏழாம் பாகம் போதும். அதில அவன் இல்லை."

பருத்தித்துறை வீதியால் ஒரு பஸ்
ஹோர்ன் அடித்துக்கொண்டே போய் முடிந்தது.

பிறகு என்னைக் கேட்டார்கள்.
சொல்ல வெட்கமாய் இருந்தது.
முதல் பாகத்தை நான்
இடப்பக்கமிருந்து வாசித்துவிட்டேன்,
எங்கட புத்தகங்களைப் போல.
அதனால் எனக்கு அழுகை முதலில் வந்தது.
பிறகு வெறுங்கோப்பை நிறைந்தது.
கொதி அடங்கி, தண்ணீர் குழாய்க்குள் ஏறியது.
அரிந்த வெங்காயம் கத்தியின் கீழ் முழுசாய்க் கூடியது.
மீன் கடலுக்குத் திரும்பிற்று.
முடிவில் அவளும் அவனும்
ஆளை ஆள் தெரியாமல்
இரண்டு வாசலால் வெளியே போனார்கள்,
ஒரு குறையும் இல்லாமல்.

"விசரி!"
யதுஷிகா சைக்கிள் மணியை அடித்து அடித்துச் சிரித்தாள்.
பெனடிக்டா மட்டும் புத்தகத்தைப் பறித்து
இடப்பக்கமிருந்து புரட்டினாள்,
ஏதோ ஒரு பக்கத்திலாவது செவுள் இருக்கும் எண்டு.

இரவு நான் இடியப்பம் அவித்தேன், சொதியும் வைத்தேன்.
அண்ணா பதினொன்று சாப்பிட்டான்.
கை கழுவ எழும்பினவனை மறித்து
"எப்பிடி?" என்றேன்.
"என்ன எப்பிடி?"
போனைப் பார்த்தபடியே போனான்.

லோஜிதாவுக்கு மெசேஜ் போட்டேன்:
ஆறாம் பாகம் கிடைச்சிட்டுது.