முப்பது

ஓல்ட்டன் ரயில் பணிமனை. இரவு இரண்டேகால்.
அச்சின் சூட்டை அளக்கும் அட்டை
மறுபடியும் எழுதக்கூடாத இடத்தில் எழுதிவிட்டது.
கெர்னல் சுருண்டு விழுந்த திரையைப்
படமெடுத்து அனுப்பினான் ரெட்டோ, ஒரு சொல்லும் இல்லாமல்.

நினைவகத்தில் வீட்டுக்கு வீடு எண் உண்டு.
எத்தனை பிட் முகவரி தனக்கு எட்டும் என்பதை
அட்டை முதலிலேயே சொல்லியாக வேண்டும்.
முப்பத்திரண்டு என்றது இது.
நான்கு ஜிகாபைட். நம்பினேன்.
கையேட்டிலும் அப்படித்தான் போட்டிருந்தது.

ஏழு இரவு டிரைவரைக் குடைந்தேன்.
எட்டாம் நாள் வெரேனா உருப்பெருக்கியை நீட்டினாள்:
மேல் இரண்டு கம்பிகள்
எதோடும் ஒட்டாமல் நின்றன.

மாடிக்கென்று கொடுத்த கடிதத்தை
மாடி எண்ணை விழுங்கிவிட்டு
கீழ்வீட்டுப் பெட்டியில் போட்டிருக்கிறது,
முழு நேர்மையோடு.

முப்பத்திரண்டை அழித்து முப்பது என்றேன்.
இனி மேலே போகவேண்டியதைக்
கீழே ஓரிடத்தில் வாங்கி வைத்துக்கொண்டு
கெர்னலே சுமந்து ஏறும்.
கொஞ்சம் மெதுவாகும். ஆகட்டும்.

காரணம் எழுதும் இடத்தில்
'அட்டை பொய் சொன்னது' என்று எழுதினேன்.
அழித்தேன்.

இந்த வேலைக்கான நேர்காணலில்
ஜெர்மன் எவ்வளவு வரும் என்று கேட்டார்கள்.
சரளமாக, என்றேன்.
சாப்பாட்டு மேசையில் இவர்கள் பேசுவது
இன்றுவரை பாதி எங்கே போய் விழுகிறதோ.

'இரண்டு கம்பிகள் இணைக்கப்படவில்லை.'
அது போதும்.

ஆரே பாலத்தில் முதல் சரக்கு வண்டி ஏறுகிறது.
மூன்றாம் அச்சு, நாற்பத்தொரு டிகிரி.
சரியான வீட்டில்.