இரு வேளை

"மருந்தை நாள்தோறும் இரு வேளை
உணவுக்குப் பின் உட்கொள்ளவும்."
எழுதியவள் நான்.
லாயாங் லாயாங்கில், சைக்கிள் கடையின் மேல்மாடியில்,
மின்விசிறி கடகடக்கும் அறையில்
சந்தி பார்த்து, ஒற்று பார்த்து,
இணையத்தில் ஏற்றிவிட்டு
தே ஓ குடிக்கக் கீழே இறங்கிப் போனேன்.

குணசீலனுக்கு முப்பத்து நான்கு வயது.
எழுத்துக் கூட்டிப் படிப்பான்.
சொல் நீண்டுவிட்டால் கைப்பேசியைக் காதில் வைப்பான்,
அது படித்துச் சொல்லும்.
அந்தப் பெண்குரலுக்கு ளகரம் வராது.

இரு வேலை.
சரிதானே, அவனுக்கு இரண்டு வேலை.
காலையில் செம்பனைக்கு அடியில் உதிரிப்பழம் பொறுக்குவது,
மாலையில் ஆ ஹோக் பட்டறையில் லோரி கழுவுவது.
சாக்கைக் கட்டியதும் ஒரு மாத்திரை,
கடைசி டயர் வெளுத்ததும் ஒரு மாத்திரை.
ஞாயிறு வேலை இல்லை.
அடைமழையென்றால் வேலை இல்லை.
தீபாவளிக்கு ஐந்து நாள் லீவு;
அதிரசம் மட்டும் ஓயாமல் இருந்தது.

ஆறாம் நாள் பாதி நிரம்பிய சாக்கின்மேல் சரிந்தான்.

கிளினிக்கில் டாக்டர் அக்காவைப் பார்த்துத்தான் கேட்டார்,
"ஏன் இவர் ஒழுங்காக மருந்து சாப்பிடுவதில்லை?"
புஷ்பலீலா தன் செருப்பைப் பார்த்தாள்.
கட்டிலில் கிடந்தவன் சொன்னான்,
"வேலை இல்லாத நாள்ல எப்படிச் சாப்பிடறது?"

அடுத்த வாரம் அவனே படியேறி வந்தான்.
கைப்பேசியை என் மேசையில் வைத்தான்.
"இது நீங்க எழுதினதா?"
அலமாரியில் என் கட்டுரைப் போட்டிக் கோப்பைகள்
ஒன்றும் பேசவில்லை.

பிறகு ஒவ்வொரு செவ்வாயும் வந்தான்,
அன்றைக்கு லோரி குறைவு.
சிவப்புப் பென்சில் அவனிடம்.
'உட்கொள்ளவும்.' "உட்காரணுமா?"
அடித்தான்.
'நீரிழிவு.' "எங்க வீட்ல அது இனிப்புநீர்."
தட்டுப் படத்தில் பச்சையாய் ஒரு பூ.
"இது என்னா மரம்?"
அதை அழித்துவிட்டுக் கங்கோங் வரைந்தோம்,
வாழையிலைபோல் வந்தது, மறுபடி வரைந்தோம்.
'ஊசி வலிக்காது.'
"பொய்," என்றான். சட்டையை மடித்துக் காட்டினான்.
"கொஞ்சம் வலிக்கும். அப்புறம் போயிடும்னு போடுங்க."

ஒரு செவ்வாய்
பராமரிப்பாளருக்கான பக்கத்துக்கு வந்தோம்.
'அவரிடம் மெதுவாகப் பேசுங்கள்.
அவர் அடம் பிடித்தால் கவனத்தைத் திருப்புங்கள்.'
"யாரு அந்த அவரு?"
மின்விசிறி சுற்றியது.
"நானா?"

அவரையெல்லாம் நீங்கள் ஆக்க உட்கார்ந்தேன்.
சில வாக்கியங்கள் இடம் மாறி அமர்ந்தன.
சில மாறவே மாட்டோம் என்றன:
'உங்களுக்குத் தெரியாமல்
உங்கள் சோற்றில் மாத்திரையைப் பொடித்துக் கலக்கலாம்.'
இதை யார் முகத்தைப் பார்த்து எழுதுவது?
அவன் முன்னால் அதை நானே அடித்தேன்.
பென்சில் முனை ஒடிந்தது.

கடைசியில்தான் அந்த முதல் வரி.
சூரியன் வந்ததும் ஒன்று என்றேன்.
"மழை நாள்ல?"
விளக்குப் போட்டதும் ஒன்று என்றேன்.
"கரண்டு போனா?"
கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தான்.
பழ லோரி ஒன்று வளைவில் திணறி ஏறிக்கொண்டிருந்தது.
விரல்விட்டு எண்ணிக்கொண்டே சொல்ல, நான் எழுதினேன்:

காலையில் சாப்பிட்டதும் ஒரு மாத்திரை.
ராத்திரி சாப்பிட்டதும் ஒரு மாத்திரை.
வேலை இருந்தாலும் சாப்பிடுங்கள்.
வேலை இல்லாவிட்டாலும் சாப்பிடுங்கள்.

எழுந்து பென்சிலைச் சட்டைப்பையில் செருகினான்.
"இது வேலைதானே?"
வேலைதான்.
"அப்ப சம்பளம்?"

சங்கத்தின் படிவத்தை எடுத்து நீட்டினேன்.
'மேற்குறிப்பிட்ட விண்ணப்பதாரர் தமது
கோரிக்கைக்கான காரணங்களை ஈண்டு...'
கைப்பேசியைக் காதில் வைத்தான்.
எடுத்தான்.
என்னைப் பார்த்தான்.

"இதையும் வைங்க," என்றான்,
"அடுத்த செவ்வா பாப்போம்.
ஆனா காசு இன்னைக்கே."