விதி ஏழு

பழையபேட்டையில், வெல்டிங் பட்டறைக்கு மேல்
எங்கள் ஹோமர் புறா சங்கத்துக்கு
ஒரு அறை, ஒரு கடிகாரம், ஒரு கரும்பலகை.
விதி ஏழு:
உறுப்பினர் புறா மட்டுமே பலகையில் விலைக்கு வரும்.

அந்த ஞாயிறு திம்மராஜ் எழுதினான்,
டீக்கடைச் சுவரில் பார்த்ததை
அப்படியே:
காவேரிப்பட்டினம். பதினோரு ஹோமர்.
லைன்மேனுக்கு மாற்றல். அவசரம்.
கீழே பத்து இலக்கம்.

தஸ்தகீர் பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.
"வெளியாள் சரக்கு.
நம்ம பலகையில ஏறினா நாமதான் ஜாமீன்."
பர்கூர்க்காரன் கதையை எடுத்தார் மறுபடி:
வெங்கோஜி ராவ் நாலாயிரம் கொடுத்து வாங்கியது
கதவு திறந்த அன்றே விற்றவன் கூரைக்குப் போய்விட்டது.
அடுத்த வாரம் அதே புறா
வேலூர்க்காரருக்கு ஐயாயிரம்.
புறாவின் ஞாபகம்தான் அவனுக்கு முதலீடு.
ராவ் சிரிக்கவில்லை, இன்றைக்கும்.

"எல்லாரும் பர்கூர்க்காரனா?" என்றான் திம்மராஜ்.
"தெரிஞ்சதைச் சொல்லிக்கக் கூடாதுன்னா
சங்கம் எதுக்கு?
பந்தயத்தன்னிக்கு மணி பாக்கவா?"

கீழே பட்டறையில் கிரைண்டர் அலறியது.
அது நிற்கும் வரை
யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

செயலாளர் நான். துடைப்பானை எடுத்தேன்.
சாக்பீஸ் தூளில் ஒரு தும்மல்.
பலகை சுத்தம்.
ஆனால் முந்நூறு வளைய எண்களை
மனப்பாடமாய் வைத்திருக்கிறவனுக்கு
பத்து இலக்கம் ஒரு பாரமா?

நாலு மணி பஸ்.
மாங்கூழ் தொழிற்சாலை வாசம்
ஜன்னல் வழியே வந்து மடியில் உட்கார்ந்தது.

தீர்த்தகிரி பாதி வீட்டை மூட்டை கட்டியிருந்தார்.
"சங்கத்துல சொன்னாங்களா?" என்றார்.
ஆமாம் என்றேன்.
பொய்யில்லை.

நீலப்பட்டை பெட்டை ஒன்று, அதன் ஜோடி ஒன்று.
கையில் பிடித்தபோதே தெரிந்தது,
மார்பெலும்பு படகுபோல.
"இவளைத் திறந்து விடாதீங்க, குஞ்சைப் பறக்க விடுங்க,"
என்றவர் பஸ் வரை வந்து சொன்னார்:
"மீதி ஒம்பது இருக்கு. உங்க ஆளுங்களை அனுப்புங்க.
திங்கக்கிழமை கெளம்பிடுவேன்."
தலையாட்டினேன்.

யாரை அனுப்ப?
அனுப்பினால் என்னைக் கேட்பார்களே.

ஒன்பதும் சந்தைக்குப் போனதாம்,
ஜோடி இருநூறுக்கு.
பறக்கிறதுக்கு இல்லை,
குழம்புக்கு.
அதை எனக்குச் சொன்னதும் அதே டீக்கடைக்காரர்தான்,
சர்க்கரை கம்மியா என்று கேட்கிற குரலில்.

புரட்டாசியில் ஒரு விடிகாலை
தண்ணீர் வைக்கக் கூண்டைத் திறந்தேன்.
கொக்கி போடவில்லை.
ஒரு சுற்று சுற்றினாள்
சையத் பாஷா மலை ஓரம்,
இரண்டாவது சுற்று சுற்றவில்லை.

அன்றும் ஞாயிறு.
கூட்டத்தின் நடுவில் தஸ்தகீர் பாயின் போன்.
ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல்:
"இறக்கையில உங்க நம்பர் முத்திரை இருக்குது.
காவேரிப்பட்டினத்துல இருந்து பேசறேன்.
எங்க மொட்டை மாடியில
காலையில இருந்து உக்காந்திருக்குது,
பழைய கூண்டு இருந்த எடத்தையே
சுத்திச் சுத்தி நடக்குது."

முத்திரைப் பதிவேடு என் கையெழுத்தில்.
பாய் அதைத் திறக்கக்கூட இல்லை.
ராவ் என்னைப் பார்த்தார்,
ரொம்ப நாள் கழித்துச் சிரித்தார்.
திம்மராஜ் சாக்பீஸை எடுத்து
என் பக்கம் மேசையில் வைத்தான்.
அவ்வளவுதான்.

அதே நாலு மணி பஸ். மாங்காய் வாசம் இல்லை.
அந்தப் பெண் கம்பு தூவியிருந்தாள்.
அவள் கால் பக்கமே மேய்ந்துகொண்டிருந்தது,
என்னைப் பார்த்ததும் மதில் ஏறியது.

"எங்க போனாலும் இங்கதானே வரப்போவுது.
விலைக்குக் குடுப்பீங்களா?"

வெளியாள்.
நான் சட்டைப்பையைத் தடவினேன்,
சாக்பீஸ் இருந்தது.
"பலகையில் போட்டுக் கேட்டுச் சொல்றேன்," என்றேன்.