பிரித்துத் தைக்க ஆறு டாலர்

வடக்கு வாயிலுக்கு எதிரே, டயர் கடைக்கும்
டோனட் கடைக்கும் நடுவில் என் கடை.
பெயர்ப்பட்டை தைக்க நான்கு டாலர்.
இருந்ததைப் பிரித்துவிட்டுத் தைக்க ஆறு.
கொலராடோவின் இந்த ஊரில்
படை எப்படி மாறப்போகிறது என்பதை
எனக்கு முன்னால் அறிந்தவர்கள் தளபதிகள் மட்டும்தான்.
அதுகூடச் சந்தேகம்.

முதல் வருஷம் பழுப்பு நூல் போய் நீல நூல் வந்தது.
வான்படையில் தூங்கி
விண்வெளிப் படையில் விழித்தவர்கள்
மதிய இடைவேளையில் வரிசையில் நின்றார்கள்,
கையில் சட்டை, வாயில் சாண்ட்விச்.
"தெரியாத மாதிரி பிரிக்க முடியுமா, மேடம்?"
என்றான் ஒரு பையன்.
முடியாது, தம்பி.
ஊசி போன இடத்தைத் துணி காட்டிக்கொடுத்துவிடும்,
வெயில் படாத ஒரு சின்னச் செவ்வகமாக.

அடுத்து 'விங்' என்ற சொல்லை எடுத்தார்கள்.
காற்றே இல்லாத இடத்தில் இறக்கை எதற்கு
என்றார் ஹால்வர்சன்.
முக்கோணம் வந்தது.
முக்கோணத்துக்குள் ஓநாய் வந்தது.
ஓநாய்க்குப் பல் போதவில்லை என்று
யாரோ ஒரு கர்னல் திருப்பி அனுப்பினார்.
நாற்பத்திரண்டு ஓநாய்களுக்குப் பல் வைத்தேன்.
பல்லுக்குத் தனிக் கூலி கேட்டேன்; கொடுத்தார்கள்.

இன்று, மே மாதத்தில், பனி.
தன் பிரிவின் பன்னிரண்டு சட்டைகளோடு
ஹால்வர்சன் வந்தார்.
மாஸ்டர் சார்ஜென்ட். பத்தொன்பது வருஷ சர்வீஸ்.
கண்ணுக்குக் கீழே இரவுப் பணி.
இந்தத் தடவை என்ன?
"பெரிய நாடுகளின் போட்டி" என்றார்,
வானிலை அறிக்கை வாசிப்பதுபோல.
"அதற்கேற்ப நாற்காலிகளை மாற்றுகிறார்கள்."

நான் பிரிக்கத் தொடங்கினேன்.
அவர் ஸ்டூலில் உட்கார்ந்து
இதுவரை சொல்லாததைச் சொன்னார்:
ஏழு வருஷமாகக் கீழே பார்ப்பது அவர் வேலையாம்.
"உங்கள் ஊருக்கு வடக்கே ஒரு நெருப்புக் கிளம்பினால்
என் திரையில்தான் முதலில் வெளுக்கும்."

என் ஊர் சொர்வோன்.
யாரோ வரைபடத்தில் இழுத்த கோடு
எங்கள் வரப்பைக் கேட்காமலே போன இடம்.
தங்கை சுன்-யே அங்கேதான் இன்றும்
முட்டைக்கோஸ் போடுகிறாள்.
அவள் தலைக்கு மேல் போனதையெல்லாம்
அவளுக்கு முன்னால் இந்த மனிதர் பார்த்திருக்கிறார்,
பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி,
காபி ஆறுவதற்குள்.
நன்றி சொல்லலாமா, கோபப்படலாமா?
பல்லால் நூலைக் கடித்தேன்.

இனி?
"இனிப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும்.
நம்முடையது ஒன்று தன்பாட்டுக்குச் சுற்றும்.
அவர்களுடையது ஒன்று மெல்ல நெருங்கி வரும்.
இடிக்காது. கூடவே சுற்றும்.
உங்கள் காரை ஒட்டி ஒருவன் வண்டியை நிறுத்திவிட்டு
இறங்காமலே இருந்தால்?
அந்த மாதிரி."

கண்ணாடி வழியே பார்த்தேன்.
பனியில் அவருடைய வண்டி மட்டும்.

சரி, கீழே யார் பார்ப்பார்கள்?
"வேறு பிரிவு. வேறு கட்டடம்.
ஆட்களை இப்போதுதான் பிரிக்கிறார்கள்."
அவர்களுக்குப் பட்டை?
"பெயரே இன்னும் வரவில்லை."

எழுபத்திரண்டு டாலர்.
பத்தைக் கூடுதலாக வைத்துவிட்டுப் போனார்.
பிரித்த ஓநாய்களை பிஸ்கட் டப்பாவில் போட்டு
சுன்-யேவுக்கு போன் செய்தேன். அங்கே காலை.
என்ன இந்த நேரத்தில் என்றாள்.
சும்மாதான். நாற்று நட்டாயிற்றா?
பாதி. மேகமே இல்லை, கொளுத்துகிறது.
மேலே பார்த்தாயா என்றேன்.
எதற்கு என்றாள்.

வழக்கமாக ஆறு மணிக்குக் கடையை மூடுவேன்.
மணி எட்டாகிறது.
ஊசியில் நீல நூல் கோத்தபடியே இருக்கிறது.
பெயர் வராத அந்தப் பிரிவிலிருந்து
யாராவது ஒருவர்
சட்டையோடு வரக்கூடும்.