பை வேண்டுமா

கயானியில் ஜனவரி. மதியம் மூன்றுக்கே விளக்குப் போட வேண்டும்.
ஹெல்சிங்கியிலிருந்து இந்த மாதமும் பணம் வந்துவிட்டது.
அடிப்படை வருமானம் என்று அதற்குப் பெயர்.
உர்போ வைத்த பெயர் சும்மாப் பணம்.

முன்பு ஒரு படிவம் இருந்தது.
நான்கு வாரத்தில் வேலை தேட
என்ன செய்தீர்கள் என்று கேட்கும்.
உண்மையைவிடப் பொய்க்குத்தான்
அதில் இடம் அதிகம்.
இப்போது யாரும் எதுவும் கேட்பதில்லை.
கேட்காமல் தருகிறவர்களிடம்
எப்படிக் கோபித்துக்கொள்வது என்பது
இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

பத்தொன்பது வருடம் மூன்றாம் கல்லாவில் இருந்தேன்.
மனைவியைப் புதைத்த வாரம்
உர்போ ஒரே ஒரு ரொட்டியை
என் பக்கம் நகர்த்தினார்.
விலை சொல்லாமல் காத்திருந்தேன்.
பின்னால் ஆறு பேர்.
ஒருவரும் செருமவில்லை.

பிறகு ஒருநாள்
கண்ணாடி அறையில் உட்காரவைத்து
என் குரலை எடுத்துக்கொண்டார்கள்.
'தெளிவான குரல், இர்மெலி' என்றார் மேலாளர்.
இரண்டு மணி நேரம், நாற்பது வாக்கியம்.
கூலிக்கு ஒரு பரிசுச் சீட்டு.
அதில் வாங்கிய வாணலி
இன்றும் நன்றாகத்தான் இருக்கிறது.

இன்று பால் வாங்கப் போனேன்.
ஆறு இயந்திரங்கள்.
ஆறிலும் நான்.
ஒன்றில் வணக்கம் சொல்கிறேன்,
ஒன்றில் நன்றி,
கடைசி இயந்திரத்தில்
பொருளைத் தட்டில் வையுங்கள் என்று
ஒரு கிழவரிடம் நான்காம் முறையாக.
அவ்வளவு பொறுமை
எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

உர்போதான்.
கையில் ரொட்டி.
கோடுகள் எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருந்தார்.
போய்ப் பக்கத்தில் நின்றேன்.
'மறுபடி சேர்த்துக்கொண்டார்களா உன்னை?'
'இல்லை. சும்மா வந்தேன்.'
சொன்ன பிறகுதான் தெரிந்தது,
அந்தச் சொல் இம்முறை
தொண்டையில் குத்தவில்லை.

ரொட்டியைத் திருப்பிக் காட்டினேன்.
பீப் என்றது.
பை வேண்டுமா என்று கேட்டேன், இயந்திரத்திலிருந்து.
வேண்டாம் என்றேன், உர்போவுக்காக.
அவர் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல்
இரண்டு பக்கமும் தலையசைத்தார்.

எனக்கு மாதாமாதம் வருகிறது.
அந்தக் குரலுக்கு யார் தருகிறார்கள்?
பனியில் நடக்கும்போது இதை யோசித்தேன்.

படிவம் இன்று இருந்திருந்தால்
எழுத ஒரு வரி இருந்தது:
ரொட்டி, ஒன்று. திருப்பிக் காட்டினேன். ஏழு நிமிடம்.
எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதைத்தான்
கேட்க ஆளில்லை.